பதினான்கு தப்படி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம். உன் நெஞ்சுச்சளி தேறியதா? கம்பளியைத் துவைத்தாயா, இல்லை அது தானாகவே எழுந்து நடக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

போன் எட்டாத மலையில் போய் உட்கார்ந்துகொண்டாய். சுரங்கப்பாதை ஆட்களுக்குச் சாமான் ஏற்றி வரும் லாரிதான் தபால் பையையும் கொண்டுவருமாம், அதுவும் மாதம் இரண்டு தடவை. பேருந்துப் பணிமனையில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நாள் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் குறிக்கிறவள் நான். எனக்குப் போய் பதினைந்து நாள் தாமதமாக ஒரு தம்பி! உன்னை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்பாவுக்கு வலது கை லேசாக நடுங்குகிறது. டாக்டரிடம் காட்டினோம். நரம்பு சம்பந்தமானதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். வயதானால் வருவதுதான். அதையே நினைத்துக்கொண்டு வெல்டிங் பொறியில் கையைச் சுட்டுக்கொள்ளாதே. அம்மா போனபோது பாதியில் கிளம்பி வந்து இருந்த வேலையைத் தொலைத்தாய். இந்தத் தடவை சுரங்கம் முடியும்வரை நீ அசையக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் மெஷினை நம் கூடத்தில் போட்டுத் தைக்கிறார். அப்பாவுக்குப் பேச்சுத் துணை. அவர் பேசுவார், அப்பா கேட்பார், அவ்வளவுதான்.

கடைசி வரியை மறந்துவிடாதே என்று அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். கூடாரத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதிய காலத்துப் பழக்கம். சர்வேயர் வீட்டுக் கடிதம் ஓர் அளவு இல்லாமல் முடியலாமா? இதோ, இப்போதுதான் அவரே நடந்து எண்ணிச் சொன்னது.

அளவு: கட்டிலிலிருந்து வாசற்படி, ஏழு தப்படி.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

வணக்கம். சளி போயே போச்சு. கம்பளியைத் துவைத்தேன், தண்ணீர் என்ன நிறத்தில் போனது என்று மட்டும் கேட்காதே. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை நாக்குக்கு அடியில் வைத்திருந்து ஜன்னல் வழியாகத் துப்புகிறாரா?

அவரிடம் சொல்: மலையின் இந்தப் பக்கத்திலிருந்து நாங்களும் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டமும் குடைந்துகொண்டு போகிறோம். ஆகஸ்ட் கடைசியில் நடுவில் சந்திக்க வேண்டும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், இருட்டில், கல்லுக்குள். அளவு பிசகினால் ஒரு மலைக்குள் இரண்டு சுரங்கம் ஆகிவிடும். இங்கிருக்கும் சர்வேயர்களைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான்.

முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நம்மை நடக்கவிடுவாரே, மறந்துவிட்டாயா? ஒரு தப்படி எழுபத்தைந்து சென்டிமீட்டர். போகும்போது ஒரு தடவை எண்ணு, வரும்போது ஒரு தடவை எண்ணு, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது அளவே இல்லை என்பார். இப்போதும் நான் தூக்கத்தில் நடந்தால்கூட எழுபத்தைந்துதான் நடப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன், ஏழு எங்கிருந்து வந்தது? கட்டிலிலிருந்து வாசற்படி ஆறு. எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஆறு. அப்பா தப்பாக எண்ண மாட்டார். நீதான் எழுதும்போது ஒன்றைக் கூட்டியிருப்பாய். அப்பா உனக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மாவா?

அளவு: கொட்டகையிலிருந்து சுரங்க வாய், முந்நூற்று நாற்பது. போகவும் வரவும் அதே.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

பணிமனையில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். இரண்டு சுரங்கமும் சந்திக்கும்போது எத்தனை விரல் விலகல் இருந்தது என்று மறக்காமல் எழுதச் சொன்னார்.

கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டிருக்கிறோம். அதனால் அளவு மாறியிருக்கிறது.

அளவு: கட்டிலிலிருந்து வாசற்படி, ஒன்பது.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

இருமல்கூட இல்லை. உன் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? அப்பாவின் கை எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கடிதமா அது? டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதியது மாதிரி இருந்தது.

ஒன்பதைப் படித்துவிட்டு கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். "எங்க வீடு மாசா மாசம் வளருது, அடுத்த வருஷம் மாளிகை ஆயிடும்" என்றேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் ஒரு தப்படி கூடலாம், மூன்று எப்படிக் கூடும்? சுவரையும் சேர்த்துத் தள்ளினாயா? அப்பாவிடம் கேட்டு எழுது, அவர் சிரிப்பார்.

இன்னொரு சேதி. சுரங்கம் முடிந்ததும் அடுத்த வேலைக்கு என்னை மேஸ்திரியாகப் போடுவார்கள் போலிருக்கிறது. பேச்சு அடிபடுகிறது. யாரிடமும் சொல்லாதே, தையல்காரம்மாவிடம் சொல்லவே சொல்லாதே.

அளவு: என் கட்டிலிலிருந்து டீப் பாத்திரம், இரண்டு. சொர்க்கம்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மேஸ்திரி ஆகப்போகிறவன் ஓர் உதவி செய். கூடத்துத் தரை வழவழவென்று இருக்கிறது, எனக்கே வழுக்குகிறது. கட்டிலிலிருந்து வாசற்படி வரை சுவரோரமாகப் பிடித்து நடக்க ஓர் இரும்புக் கைப்பிடி பண்ணி அனுப்ப முடியுமா? கீழே சாமான் வாங்க வரும் லாரியில் போட்டு அனுப்பினால் போதும்.

நீளம் என்ன எழுதட்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். மீட்டரில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். "வேண்டாம், எப்பவும் எழுதற மாதிரியே எழுது. அவனுக்குப் புரியும்" என்றார்.

அளவு: கட்டிலிலிருந்து வாசற்படி, பதினான்கு தப்படி.

அக்கா


மே 6

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

நலம், நலமே நாடுகிறேன். முதுகுவலிக்காரிக்கும் மாத்திரைக்காரருக்கும் தனித்தனியாக விசாரிப்புகள்.

கைப்பிடி இந்த லாரியில் வருகிறது. பதினான்கு தப்படி என்றால் பத்தரை மீட்டர். ஒன்றரை மீட்டர் துண்டுகளாக ஏழு செய்து, கை கிழிக்காமல் இருக்க முனையெல்லாம் ராவி, இரண்டு பூச்சு பெயின்ட் அடித்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து செய்தது. கூட இருந்தவன், "உங்க வீட்டுக் கூடமே பத்தரை மீட்டரா? அங்க என்ன பஸ் விடறீங்களா?" என்று கேட்டான். எனக்கும் கணக்கு உதைக்கத்தான் செய்தது. ஆனால் அப்பா சொன்ன எண். என் கண் தப்பும், அவர் அளவு தப்பாது. அதனால் மறு பேச்சு பேசாமல் செய்துவிட்டேன்.

கட்டிலை எங்கேதான் தூக்கிப் போட்டீர்கள்?

அளவு: கைப்பிடியின் நீளம், பதினான்கு. முன்னும் பின்னும் அளந்துவிட்டேன்.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்து படி. நலம் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்க முடியவில்லை.

கைப்பிடி வந்தது. லாரிக்காரர் ஏழு துண்டையும் கூடத்தில் வரிசையாகக் கிடத்தினார். மூன்று துண்டிலேயே கட்டிலிலிருந்து வாசற்படி முடிந்துவிட்டது. மீதி நான்கு வாசலைத் தாண்டி வெளியே கிடந்தன. தையல்காரம்மா, "தம்பி கணக்குல வீக்கா?" என்று கேட்டார். 

கட்டில் நகரவே இல்லை தம்பி. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்பாவின் தப்படிதான் சுருங்கிவிட்டது. எழுபத்தைந்தில் நடந்தவர் ஏப்ரலில் முப்பதுக்கு வந்துவிட்டார். கையில் இருந்த நடுக்கம் காலுக்கு இறங்கிவிட்டது. குரல் கம்மிவிட்டது. முகத்தில் எதுவும் ஓடுவதில்லை. இது குணமாகாது, மெதுவாக்கலாம் என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் நீ ஓடி வந்துவிடுவாய், மறுபடி வேலை போகும் என்று மறைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அந்த இரும்பைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "அவனுக்கு நீ சொல்லலையா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "நான் சொல்லிட்டுத்தானேம்மா இருந்தேன்? ஒவ்வொரு கடுதாசிலயும் சொன்னேனே. ஏழுன்னேன், ஒம்பதுன்னேன். அவன் புரிஞ்சுக்கிட்டான், சங்கடப்பட்டுக்கிட்டுக் கேக்காம இருக்கான்னு நெனச்சேன்" என்றார்.

அவர் உனக்குத் தன் உடம்பைப் பற்றி நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே பொய் எழுதி அதை வேடிக்கையாக்கிவிட்டேன். நீ கொட்டகையில் சிரித்ததாக எழுதிய வரியை அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சுமக்க முடியவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் காலை நிலைவாசலில் அப்படியே நின்றுவிட்டார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. எனக்கு ஏழு நாற்பது வண்டி. "சீக்கிரம் வாங்கப்பா, நிலையில நின்னு என்ன வேடிக்கை?" என்று கத்தினேன். அவர் மெதுவாக, "நான் எப்பவோ கிளம்பிட்டேம்மா. காலுக்குத்தான் தகவல் போகலை" என்றார். அன்று பணிமனையில் எந்தத் தாமதத்தையும் சிவப்பில் குறிக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்கப்புறம் அவரோடு அவர் வேகத்தில் நடந்து பார்த்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் பாதிக் கூடத்தில் நின்று, "இந்தத் தரையில ஒரு பூனைக் கால் தடம் இருக்கு, தெரியுமா?" என்றார். குனிந்து பார்த்தேன். சிமென்ட் காயும்முன் எந்தப் பூனையோ நடந்திருக்கிறது. நான்கு சின்ன விரல், ஒரு உள்ளங்கால். நாம் பிறந்து வளர்ந்த கூடம் தம்பி! "முப்பது வருஷம் ஆறே தப்படியில தாண்டிட்டேன், ஒண்ணும் பார்க்கலை. இப்பத்தான் வீடு பெரிசாயிட்டு வருது" என்றார். அவர் அழுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். வியந்துபோய் நின்றிருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இனி உன் கைப்பிடி. மீந்த நான்கு துண்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். அப்பா வாசலுக்கு வெளியே நீண்டு கிடந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. சிரிப்பு என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "கட்டில்லேருந்து படி ஆறு. படியிலேருந்து கேட்டு எட்டு. பழைய தப்படியில பதினாலு. அவன் சரியாத்தான் பண்ணியிருக்கான், என்னைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விடப் பார்க்கறான்" என்றார்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே என்று இப்போதும் சொல்கிறார். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் கேட்கிறேன்.

அளவு: கட்டிலிலிருந்து வாசற்படி, பதினாறு. இது பொய்யில்லை, அளவுகள் எதுவுமே பொய்யாக இருந்ததில்லை.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு லாரி வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தையே இரண்டு வரி எழுது. நடந்த ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கைப்பிடி பதிக்கக் கொத்தனார் வந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே வேலை வாங்கினார். முக்கால் மீட்டருக்கு ஒரு தாங்கு கால் வேண்டுமாம். அதற்கு அடையாளம் போடும்போது கோட்டை இந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இழுக்கச் சொன்னார், அப்போதுதான் கோணல் தெரியுமாம். கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே கூடத்தின் குறுக்கே சாக்பீஸால் கோடு கோடாக இழுத்தார்.

அப்பா எழுந்தார். பிடித்துக்கொள்ள நான் போவதற்குள் முதல் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தார். அடுத்த காலை அடுத்த கோட்டில் வைத்தார். குதிகால் முதலில் ஊன்றி, முதுகு நிமிர்ந்து, பழைய அப்பா! காட்டிலும் மேட்டிலும் அளந்து திரிந்த அந்த நடை. தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். நான் வாய்விட்டு எண்ணினேன். ஆறு. வாசற்படியில் நின்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, கோடு தீர்ந்துபோச்சே" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் அப்பாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் ஓடினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த நோயில் கால் தானாக நடக்கும் பழக்கத்தை இழந்துவிடுமாம். ஆனால் கண் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டு என்று சொன்னால், மூளை வேறு வழியாகக் காலுக்குச் சேதி அனுப்புமாம். எல்லாருக்கும் பலிக்காது, எல்லா நாளும் பலிக்காது என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முற்றத்தில் நமக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாரே தம்பி! நாங்கள் இப்போது அவருக்குப் போட்டிருக்கிறோம், கேட் வரைக்கும்.

அளவு: கட்டிலிலிருந்து வாசற்படி, கோட்டோடு ஆறு, கோடு இல்லாமல் பதினெட்டு. இரண்டையும் எழுதச் சொன்னார்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது, அவரைத் தாங்கித் தாங்கித்தானே வலிக்கிறது?

மே மாதக் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதி நான்கையும் கிழித்துப்போட்டேன். முதல் இரண்டில் உன்னைத் திட்டியிருந்தேன். மூன்றாவதை எழுதும்போது உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். ஏழு, ஒன்பது, பதினான்கு. பச்சையாகத் தெரிந்தது. நீ மறைத்தாய், சரி. அப்பா மறைக்கவில்லையே! அவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார், நான் ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன். இனி உன்னைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஜூன் கடிதத்தில் ஆறு என்பதைப் பார்த்ததும், மறுபடி காதில் பூ சுற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் பதினெட்டைப் பார்த்த பிறகு நம்பினேன். கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

விடுமுறை நாளில் ஒரு காரியம் செய்தேன். பதினெட்டு என்றால் ஒரு தப்படி இருபத்தைந்து சென்டிமீட்டர். ஒரு குச்சியை அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து சுரங்க வாய் வரை அப்பா மாதிரியே நடந்தேன். பாதித் தூரத்தில் தொடை கடுத்தது, பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் எவ்வளவு வேகம்! இரண்டு வருடமாக நான் மிதித்துப் போகும் பாதை அது. அறுநூறாவது தப்படியில் ஓரத்துப் பாறையில் ஏதோ வரிவரியாக இருந்தது. குனிந்தேன். கிளிஞ்சல், அக்கா. கல்லாகிப்போன கிளிஞ்சல். மேகத்துக்கு மேலே இருக்கிற இந்த மலையில்! இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது. நான் அதன்மேல் தினமும் செருப்போடு நடந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

உதிர்ந்து கிடந்த ஒன்றைத் துணியில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். அப்பா கையில் கொடு. வரவா, முடித்துவிட்டு வரவா என்று அவரிடமே கேள். எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை.

அளவு: கொட்டகையிலிருந்து சுரங்க வாய், அப்பாவின் தப்படியில் ஆயிரத்து இருபது.

தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று இந்தத் தடவை மனசாரவே எழுதுகிறேன். கூட இருப்பது அப்பாவின் கடிதம், அவரே எழுதியது. நடையைப் போலவே எழுத்தும் சுருங்கிவிட்டது, பூதக்கண்ணாடி வைத்துப் படி. ஐந்து நாள் எழுதினார். பேனா நிற்கும், காத்திருப்பார், மறுபடி நகரும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தேன். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

பணிமனையிலும் ஒரு கூத்து. மருத்துவமனை நிறுத்தத்தில் ஒரு டிரைவர் தினமும் இரண்டு நிமிடம் தாமதம். முன்பென்றால் ஜன்னல் வழியாகவே கிழித்திருப்பேன். இந்தத் தடவை என்ன காரணம் என்று கேட்டேன். "ஏறுறவங்க மெதுவா ஏறுறாங்க, என்ன பண்றது?" என்றார். போய் நின்று பார்த்தேன். அந்தத் தடத்தின் அட்டவணையையே மாற்றி, அந்த நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டி எழுதி மேலே அனுப்பினேன். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அட்டவணை போடும் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சிக்குத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். சும்மா உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

அக்கா

(அப்பாவின் கடிதம்)

மகனுக்கு,

நான் நலம். கை நலமில்லை, எழுத்தே சொல்லும்.

கிளிஞ்சல் கிடைத்தது. கடலே மலைமேல் ஏறியிருக்கிறது, என் தப்படி சுருங்கியது ஒரு சேதியா?

ஆயிரத்து இருபது என்று எழுதியிருக்கிறாய். அது போன அளவு. வரும் அளவைக் காணோம். திரும்பி வராத அளவை நான் நோட்டில் ஏற்றியதில்லை. வேலையை முடி. பிறகு வா.

அளவு: நீ வந்தபின்.

அப்பா


செப்டம்பர் 3

அக்காவுக்கு,

நான் நலம், இது வந்த நான்கு நாளில் நானே வந்துவிடுவேன்.

சுரங்கம் திறந்துவிட்டது. கடைசிக் கல் விழுந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. வேறு காற்று, வேறு வாசனை. பிறகு ஒரு கை வந்தது. முகம் தெரியாத அந்தக் கையை எல்லோரும் வரிசையில் நின்று பிடித்தோம். அப்பாவிடம் சொல்: விலகல் மூன்று விரல். ஒரு முழு மலைக்குள் மூன்றே விரல்!

அடுத்த சுரங்கத்துக்கு மேஸ்திரியாக வரச் சொன்னார்கள். ஜனவரியில் வருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும்.

பெட்டியைக் கட்டு, உன் பெட்டியை. பயிற்சிக்கு வருகிறேன் என்று இன்றே எழுதிப் போடு. 'சும்மா தெரியட்டும் என்றுதான்' எழுதினாயாம்! உன் கடிதத்தில் எழுதாததைப் படிக்க இப்போது எனக்குத் தெரியும்.

அளவு: இருக்கிறது, நேரில்.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டிலிருந்து தம்பி எழுதுகிறேன். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? புது நாற்காலியில் முதுகு எப்படி இருக்கிறது? வகுப்புக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுகிறாயாமே, ஆள் மாறிவிட்டாய் என்று சொன்னதெல்லாம் வீண்தானா?

எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாவுக்கு இந்த மாதம் மூன்று நாள் கோடு பலிக்கவில்லை. விழுங்கும்போது இரண்டு தடவை புரையேறியது, டாக்டரிடம் காட்டினேன், கெட்டியாகக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வந்த இரண்டாம் நாளே நானும் அந்த நிலைவாசலில் வைத்து "சீக்கிரம்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்து, "உங்க அக்காவும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு" என்றார். எட்டு மாதம் தனியாக எப்படிச் செய்தாய் அக்கா? நான் மலையைக் குடைந்ததைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூனைத் தடத்தைப் பார்த்தேன். அப்பா காட்டவில்லை, நானே மெதுவாக நடந்து கண்டுபிடித்தேன். சாக்பீஸ் கோடு அழிந்துகொண்டே இருந்ததால் கேட் வரைக்கும் வெள்ளைப் பெயின்டால் போட்டுவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அப்பா தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். நடந்தார். கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, கோடு கோடாக, படியிலிருந்து கேட் வரைக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சைக்கிளில் போன பெண், எதிர்வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், மேகம், எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நானும் அவர் பார்த்ததையே பார்த்தேன். இந்தத் தெரு இவ்வளவு அழகு என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

திரும்பும்போது கால் வரவில்லை. கோட்டைக் காட்டினேன், எண்ணிப் பார்த்தேன், வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தூக்கிக்கடா" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. தூக்கினேன். கனமே இல்லை அக்கா. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நான் வைக்கிற ஒவ்வொரு தப்படியையும் காதோரம் எண்ணிக்கொண்டே வந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. வாசற்படியில் நான் கால் வைத்ததும், "ஒத்துப்போச்சு. எழுதிக்கோ" என்றார்.

அளவு: வாசற்படியிலிருந்து கேட். போக, அப்பாவின் தப்படி எட்டு. வர, என் தப்படி எட்டு.

தம்பி